டவர் லைன், செல்போன் கோபுரம், புற்றுநோய் அச்சம்: நீலகிரியில் ஆய்வு எதைச் சொல்ல முடியும்?

நீலகிரியில் ஒரு ஹட்டியின் (படுகர் கிராமத்தின்) மேட்டில் செல்போன் கோபுரத்துக்குக் குழி தோண்டினால், கதிர்வீச்சால் புற்றுநோய் வரும் என்று ஒரு தரப்பு எதிர்க்கிறது. அடுத்த பள்ளத்தாக்கில் இருப்பவர்களோ, சிக்னல் கிடைக்காததால் இரவில் 108-ஐக்கூட அழைக்க முடியவில்லை என்று கோபுரம் கேட்கிறார்கள். குந்தாவில் 500 மெகாவாட் நீரேற்று மின்திட்டம் பற்றிய பேச்சு வரும்போது, தேயிலைத் தோட்டங்களுக்கு மேலே இரும்புக் கோபுரங்கள் தாங்கிச் செல்லும் உயர் அழுத்தக் கம்பிகளை, அதாவது டவர் லைனைப் பற்றிய பழைய பயமும் கிளம்புகிறது. "ஆபத்து என்று உலக சுகாதார நிறுவனமே சொல்லிவிட்டது" என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் வருகிறது. "ஒன்றுமே இல்லை, எல்லாம் வதந்தி" என்று மறுநாள் இன்னொன்று வருகிறது. இரண்டுமே ஆய்வுகளைச் சரியாகப் படித்தவர்கள் எழுதியவை அல்ல.

மின்காந்தப் புலங்களின் உடல்நல விளைவுகள் ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகளாக ஆராயப்படுகின்றன. அந்த ஆய்வுகள் எப்படி நடந்தன, எங்கே உறுதியாக நிற்கின்றன, எங்கே தடுமாறுகின்றன, மலையில் வாழ்பவர்களுக்கு அவற்றால் என்ன பயன் என்பதே இக்கட்டுரை.

முதலில் அடிப்படை: ஒரே பெயருக்குள் இரண்டு வேறு விஷயங்கள்

மின்சாரம் ஓடும் இடத்தில் இரண்டு புலங்கள் இருக்கும். கம்பியில் அழுத்தம் இருந்தாலே மின்புலம் உண்டு. கம்பியில் மின்னோட்டம் பாயும்போது காந்தப்புலம் உண்டாகிறது. மின்புலத்தைச் சுவரும் மரமும் பெருமளவு தடுத்துவிடும். காந்தப்புலம் சுவரைத் தாண்டி உள்ளே வரும். ஆய்வுகள் பெரும்பாலும் காந்தப்புலத்தை அளப்பதற்கு இதுவே காரணம். அதன் அலகு மைக்ரோடெஸ்லா.

இந்த வேறுபாடு தெரிந்தால் மலையில் அடிக்கடி பார்க்கும் ஒரு காட்சிக்கு விளக்கம் கிடைக்கும். மூடுபனி இறங்கிய மாலையில் டவர் லைனுக்கு அடியில் நடந்தால், கம்பியிலிருந்து பொரிவதுபோல ஒரு சத்தம் கேட்கும். ஈரம் படிந்த கம்பியின் மேற்பரப்பிலும் இன்சுலேட்டரிலும் மின்புலம் காற்றைச் சிறிது சிறிதாக உடைப்பதால் வரும் சத்தம் அது. பனி விலகினால் நின்றுவிடும். சத்தம் கூடிய நேரத்தில் "கதிர்வீச்சு" கூடிவிட்டது என்று பலர் எண்ணுகிறார்கள். ஆனால் காந்தப்புலம் பனியைப் பொறுத்து மாறுவதில்லை. கம்பியில் எவ்வளவு மின்னோட்டம் செல்கிறது என்பதைப் பொறுத்தே மாறும். லைனுக்கு அடியில் டியூப் லைட்டைப் பிடித்து எரியவைத்துக் காட்டும் வீடியோக்களும் மின்புலத்தின் வேலைதான். பின்னால் பார்க்கப்போகும், குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய் பற்றிய விவாதம் அந்தப் புலத்தைப் பற்றியது அல்ல.

அடுத்தது அதிர்வெண். நம் வீட்டு மின்சாரம் விநாடிக்கு 50 முறை திசை மாறுகிறது, அதாவது 50 ஹெர்ட்ஸ். கொடைக்கானல் பண்பலை ஒலிபரப்பு 100.5 மெகாஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்குப் பத்துக் கோடிக்கும் மேல். செல்போன் அலைகள் அதைவிடப் பன்மடங்கு மேலே, 700 மெகாஹெர்ட்ஸ் முதல் 3.6 கிகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டைகளில் பெரும்பாலும் இயங்குகின்றன. மின்கம்பியும் செல்போனும் உடலோடு உறவாடும் விதம் வேறு வேறு. ஒன்றைப் பற்றிய ஆய்வை மற்றொன்றுக்குச் சாட்சியாகக் கொண்டுவருவது தவறு. வாட்ஸ்அப் செய்திகளில் மிக அதிகமாக நடக்கும் தவறும் இதுதான்.

இவை எதுவும் எக்ஸ்-ரே போன்ற அயனியாக்கும் கதிர்வீச்சு அல்ல. அணுவிலிருந்து எலெக்ட்ரானைப் பிய்த்தெடுத்து மரபணுவை நேரடியாக உடைக்க ஏறத்தாழ 10 எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வேண்டும். செல்போன் அலை சுமக்கும் ஓர் ஆற்றல் துகளுக்கு (ஃபோட்டான்) அதில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு அளவே உண்டு. கோபுரத்தில் எத்தனை அலைகள் கிளம்பினாலும் தனித்தனித் துகளின் ஆற்றல் கூடாது. இவ்வலைகளால் நிச்சயமாக நிறுவப்பட்டிருக்கும் விளைவு வெப்பம். பாதுகாப்பு வரம்புகள் அதை அடிப்படையாகக் கொண்டே வகுக்கப்பட்டன. மரபணுவை உடைக்காமல் வேறு வழியில் தீங்கு நேரக்கூடுமா என்பதுதான் ஆய்வாளர்கள் இன்னும் தேடும் கேள்வி.

ஊட்டி 2,200 மீட்டருக்கும் மேல் உயரத்தில் இருக்கிறது. ஆயிரம் மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும். சூரியக் கதிர் மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்பது ஐயமின்றி நிறுவப்பட்ட உண்மை. குளிர்தானே என்று தொப்பியில்லாமல் நாள் முழுதும் கொழுந்து பறிப்பவர்களைப் பற்றி யாரும் மனுக் கொடுப்பதில்லை.

சமவெளிக் கணக்கு மலைக்குப் பொருந்தாது

கோபுரத்தைப் பற்றிப் பொதுவாகச் சொல்லப்படும் அறிவுரைகள் சமதரையை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. நீலகிரியில் நிலமே சாய்ந்திருக்கிறது. இது உண்மையான வேறுபாட்டை ஏற்படுத்துகிறது.

செல்போன் ஆன்டெனா எல்லாத் திசையிலும் சமமாக அலை வீசுவதில்லை. டார்ச் ஒளிபோலக் கிடைமட்டமாக, சற்றே கீழ்நோக்கிச் சாய்ந்த கற்றையாக அனுப்புகிறது. அதனால் சமவெளியில் கோபுரத்தின் நேர் அடியில் நிற்பவர் மேல் விழும் அளவு மிகக் குறைவு. கற்றை தரையைத் தொடுவது ஐம்பது முதல் சில நூறு மீட்டர் தள்ளி. அதற்குள் அது பரந்து வலுவிழந்துவிடும்.

மலைச்சரிவில் கதை வேறு. கோத்தகிரி அல்லது குன்னூர் பக்கம் ஒரு சரிவின் நடுவில் 30 மீட்டர்க் கோபுரம் நட்டால், மேல்சரிவிலுள்ள வீட்டின் ஜன்னலும் ஆன்டெனாவும் ஒரே மட்டத்தில் நேருக்கு நேர் வந்துவிடலாம். கீழ்ச்சரிவிலுள்ள வீடு, கோபுரத்துக்கு மிக அருகில் இருந்தும், கற்றைக்கு வெளியே கிடக்கும். ஆகவே "எங்கள் வீட்டிலிருந்து கோபுரம் எத்தனை அடி?" என்ற கேள்வியால் மலையில் பயன் குறைவு. ஆன்டெனா எந்த உயரத்தில், எந்தத் திசையைப் பார்த்து இருக்கிறது, அந்த மட்டத்தில் யாருடைய வீடு இருக்கிறது என்று கேட்க வேண்டும். எதிர்ப்பவர்களும் ஆதரிப்பவர்களும் இதைக் கேட்காமலே சண்டையிடுகிறார்கள் என்பது வருத்தமானது.

டவர் லைனுக்கும் இதே நியாயம். இரண்டு முகடுகளுக்கு நடுவே பள்ளத்தாக்கைத் தாண்டும் கம்பி, கீழே உள்ளவர்களின் தலைக்கு மேல் வெகு உயரத்தில் போகும். அங்கே காந்தப்புலம் மிகச் சொற்பம். இரண்டு கோபுரங்களுக்கு இடையில் மேடு குறுக்கிட்டால், அங்கே கம்பி தரையை நெருங்கும். தூரம் இரட்டிப்பானால் இத்தகைய லைனின் காந்தப்புலம் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகக் குறைவதால், பத்து மீட்டர் வேறுபாடுகூடப் பெரிய வேறுபாடு.

நேரமும் முக்கியம். பைக்காராவில் 1932-இல் மின்னுற்பத்தி தொடங்கியது. பிறகு மாயாறு, 1960-கள் முதல் குந்தா என்று வரிசையாக நீர்மின் நிலையங்கள் வந்தன. நீர்மின் நிலையங்களைத் தேவை உச்சத்தில் இருக்கும்போது முடுக்கி, மற்ற நேரத்தில் அடக்கிவைப்பார்கள். குந்தாவிலிருந்து இறங்கும் லைனில் மாலை ஏழு மணிக்கு ஓடும் மின்னோட்டமும் நண்பகலில் ஓடுவதும் ஒன்றல்ல. நண்பகலில் ஒரு கருவியைக் கொண்டுவந்து பத்து நிமிடம் அளந்து "ஆபத்து இல்லை" என்று எழுதிக் கொடுத்தால் அது அரைகுறை அளவீடு. மாலையில் ஒருமுறை மட்டும் அளந்து "ஆபத்து" என்று முகநூலில் போட்டாலும் அப்படியே.

டவர் லைனும் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோயும்

1979-இல் அமெரிக்காவின் டென்வர் நகரில் நான்சி வெர்தைமர், எட் லீப்பர் என்ற இருவர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அதிக மின்னோட்டம் செல்லும் கம்பிகளுக்கு அருகில் வாழ்ந்த குழந்தைகளிடம் புற்றுநோய் இறப்பு அதிகமாகத் தென்பட்டது. அவர்கள் காந்தப்புலத்தை அளக்கவில்லை. கம்பியின் தடிமனையும் தூரத்தையும் பார்த்து மதிப்பிட்டார்கள். குறையுள்ள ஆய்வுதான். ஆனால் அது எழுப்பிய கேள்வி நியாயமானது.

அதன்பின் பல நாடுகளில் வீட்டுக்குள் கருவி வைத்து அளந்தார்கள். 2000-ஆம் ஆண்டில் ஆண்டர்ஸ் ஆல்பம் தலைமையிலான குழு ஒன்பது ஆய்வுகளின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்தது. நோயுற்ற 3,247 குழந்தைகள், ஒப்பீட்டுக்கு 10,400 குழந்தைகள். சராசரி 0.4 மைக்ரோடெஸ்லாவுக்குக் கீழே எந்த உயர்வும் இல்லை. அதற்கு மேலே இருந்தவர்களிடம் ஆபத்து ஏறத்தாழ இரட்டிப்பு. இந்த "இரட்டிப்பு" என்ற சொல்லே இன்றுவரை எல்லா அச்சத்துக்கும் வேர்.

ஆனால் அந்த 3,247 குழந்தைகளில் 0.4-க்கு மேல் இருந்தவர்கள் 44 பேர் மட்டுமே. இவ்வளவு சிறிய எண்ணிக்கையில், ஒப்பீட்டுக்கு யார் வர ஒப்புக்கொண்டார்கள் என்பதே முடிவைச் சாய்த்துவிடும். அளக்க அனுமதிக்கும் குடும்பங்கள் பெரும்பாலும் வசதியானவை; அவை லைனுக்குத் தள்ளி வாழ்பவை. இதைத் தெரிவுச் சார்பு என்பார்கள். 2010-இல் புதிய ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது உயர்வு 1.44 மடங்காகக் குறைந்தது. அது தற்செயலாக இருக்கவும் இடமுண்டு என்ற அளவுக்கு நிச்சயமின்மையும் இருந்தது.

இன்னும் சுவையான சாட்சி பிரிட்டனிலிருந்து வந்தது. ஜெரால்டு டிரேப்பர் குழு 2005-இல் வெளியிட்ட ஆய்வில், லைனுக்கு 200 மீட்டருக்குள் பிறந்த குழந்தைகளிடம் இரத்தப் புற்றுநோய் 1.69 மடங்கு. ஆனால் 200 முதல் 600 மீட்டர் தொலைவிலும் 1.23 மடங்கு தெரிந்தது. அந்தத் தொலைவில் லைனின் காந்தப்புலம் வீட்டு வயரிங் உண்டாக்கும் புலத்தைவிடக் குறைவு. காந்தப்புலமே காரணம் என்றால் அங்கே எதுவும் தெரிந்திருக்கக் கூடாது. 2014-இல் அதே தரவை இன்னும் நீண்ட காலத்துக்கு விரித்தபோது, உயர்வு 1960-கள், 70-களில் மட்டும் இருந்தது. 1980-களுக்குப் பிறகு மறைந்துவிட்டது. லைன்கள் மறையவில்லை. அப்படியானால் லைனுக்கு அருகில் யார் வந்து குடியேறினார்கள், எப்படி வாழ்ந்தார்கள் என்பதில்தான் விடை இருக்கலாம்.

இது நீலகிரிக்கு நேரடியாகப் பொருந்தும். ஆட்கள் குறைந்த கிராமப் பகுதிக்குள் பெருந்திரளாக வெளியாட்கள் வரும்போது குழந்தைகளிடம் இரத்தப் புற்றுநோய் கூடுகிறது என்று லியோ கின்லன் 1988 முதல் வாதிட்டார். இதுவரை அடையாளம் காணப்படாத ஒரு தொற்றை மூலமாக அவர் கருதினார். அணை கட்டவும் சுரங்கம் குடையவும் தோட்ட வேலைக்கும் தொழிலாளர்கள் வந்து நிறைந்த மலை இது. லைன் சென்ற இடமும் அவர்கள் குடியேறிய இடமும் பல ஊர்களில் ஒன்றுதான். பெற்றோர் பூச்சிக்கொல்லி கையாளும் தொழிலில் இருப்பதும் குழந்தையின் இரத்தப் புற்றுநோயோடு பல ஆய்வுகளில் தொடர்புபட்டிருக்கிறது. லைன் செல்வதோ தேயிலைத் தோட்டத்துக்கு நடுவே. இவற்றைப் பிரித்துப் பார்க்காத எந்த ஆய்வும் லைன்மேல் பழி போடத் தகுதியற்றது.

"2பி" என்றால் என்ன

உலக சுகாதார நிறுவனத்தின் கீழுள்ள சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை, மின்கம்பிகளின் காந்தப்புலத்தை 2002-இலும், செல்போன் உள்ளிட்ட ரேடியோ அலைகளை 2011 மே மாதத்திலும் "2பி" பிரிவில் சேர்த்தது. "மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும்" என்பது அதன் பெயர்.

1. இந்தப் பிரிவுகள் சான்று எவ்வளவு வலுவானது என்பதைச் சொல்கின்றன. ஆபத்து எவ்வளவு பெரியது என்பதை அவை சொல்வதில்லை.

2. முதல் பிரிவில் புகையிலை, மது, சூரியக் கதிர் ஆகியவை உள்ளன. 2பி அதற்கு இரண்டு படி கீழே.

3. 2பி என்பது "குற்றமற்றது" என்ற தீர்ப்பும் அல்ல. சான்று அரைகுறையாக இருக்கிறது, தொடர்ந்து ஆராயுங்கள் என்ற அழைப்பு அது. ரேடியோ அலைகளை மறுபடி மதிப்பிட வேண்டும் என்று அந்த முகமையின் ஆலோசனைக் குழு 2019-இலேயே பரிந்துரைத்தது.

செல்போன்: கோபுரத்தைவிடக் கையிலிருப்பது

2010-இல் வெளியான இன்டர்போன் ஆய்வு 13 நாடுகளில் நடந்தது. மூளைக் கட்டி வந்தவர்களையும் வராதவர்களையும் எவ்வளவு நேரம் போன் பேசினார்கள் என்று கேட்டார்கள். வழக்கமாகப் பேசுபவர்களிடம் கிளையோமா என்ற கட்டியின் ஆபத்து 0.81 மடங்கு என்று வந்தது. போன் பேசினால் மூளைக்குப் பாதுகாப்பு என்று யாரும் நம்பமாட்டார்கள். போன் பயன்படுத்தாதவர்கள் ஒப்பீட்டுக் குழுவுக்கு வராததால் விழுந்த சாய்வு அது. மொத்தம் 1,640 மணி நேரத்துக்கு மேல் பேசியதாகச் சொன்னவர்களிடம் மட்டும் 1.40 மடங்கு. அவர்களில் சிலர் நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் பேசியதாகச் சொல்லியிருந்தார்கள். பத்தாண்டுக்கு முந்தைய பேச்சு நேரத்தை, அதுவும் மூளை அறுவைக்குப் பிறகு, சரியாக நினைவுகூர்வது அரிது. ஒரே ஆய்வில் இருந்து 0.81-ஐ மட்டும் எடுப்பவரும் 1.40-ஐ மட்டும் எடுப்பவரும் வாசகரை ஏமாற்றுகிறார்கள்.

இந்தக் குறையைத் தவிர்க்க, நோய் வருமுன்பே ஆட்களைச் சேர்த்துப் பின்தொடரும் ஆய்வுகள் தொடங்கின. ஐந்து ஐரோப்பிய நாடுகளில் இரண்டரை லட்சத்துக்கும் அதிகமானவர்களைப் பின்தொடர்ந்த காஸ்மாஸ் ஆய்வு 2024-இல் வெளிவந்தது. அதிகம் பேசியவர்களிடம் மூளைக் கட்டி கூடவில்லை. அதே ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் கேட்டுச் செய்த பெரிய மறுஆய்வும் அதே முடிவுக்கே வந்தது.

எலி ஆய்வு ஒன்றும் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுகிறது. அமெரிக்காவின் தேசிய நச்சியல் திட்டம் 2018-இல் முடித்த அதில், உடல் முழுவதும் அலை படும்படி நாளுக்கு ஒன்பது மணி நேரம், இரண்டு ஆண்டுகள் எலிகளை வைத்தார்கள். ஆண் எலிகளின் இதயத்தில் ஒரு வகைக் கட்டி கூடியது. பெண் எலிகளிலும் சுண்டெலிகளிலும் அப்படித் தெளிவாகத் தெரியவில்லை. அலை பட்ட ஆண் எலிகள் படாதவற்றைவிட நீண்ட நாள் வாழ்ந்தன. தலைப்புச் செய்திகள் இந்தக் கடைசி வரியை விட்டுவிட்டன.

இப்போது மலைக்கு வருவோம். கோபுரங்களுக்கு அருகே பொது இடங்களில் அளக்கப்பட்ட அலைவலிமை, சர்வதேச வரம்பில் 0.002 முதல் 2 சதவீதம் வரை என்று உலக சுகாதார நிறுவனம் 2006-இல் தொகுத்துச் சொன்னது. காதோடு ஒட்டிப் பேசும் போனிலிருந்து தலைக்குக் கிடைப்பது இதைவிட மிக அதிகம். அந்தப் போன் தன் வலிமையைத் தானே கூட்டிக் குறைக்கும். கோபுரம் அருகில் இருந்தால் குறைந்த வலிமையே போதும். எமரால்டு பக்கம் ஏதோ ஒரு பள்ளத்தில் ஒற்றைக் கோடு சிக்னலில் பேசும்போது அது முழு வலிமையோடு கத்துகிறது. 2004-இல் வெளியான ஸ்வீடன் ஆய்வு ஒன்றில், கிராமப்புறத்தில் போன்கள் ஏறத்தாழப் பாதி நேரம் உச்ச வலிமையில் இயங்கின. நகரில் கால்பங்கு நேரம்தான். அவை பழைய தலைமுறைப் போன்கள். இன்றைய போன்கள் சராசரியாக மிகக் குறைந்த வலிமையில் இயங்குகின்றன. ஆனாலும் அதே விதியின்படிதான். கோபுரத்தை ஊருக்கு வெளியே விரட்டினால் ஊராரின் தலைக்குக் கிடைக்கும் அளவு கூடவே செய்யும். கோபுர எதிர்ப்பில் இருப்பவர்கள் இந்த ஒரு விஷயத்தையாவது கணக்கில் எடுக்க வேண்டும் என்று வற்புறுத்திச் சொல்கிறேன்.

ஊட்டிக்கு அருகே முத்தோரையில் உள்ள 530 மீட்டர் நீள ரேடியோ தொலைநோக்கியைப் பற்றியும் ஒரு வரி. கோவிந்த் ஸ்வரூப் குழுவினர் 1970-இல் இயக்கத்துக்குக் கொண்டுவந்த அது, விண்ணிலிருந்து வரும் மிக மெல்லிய அலைகளை வாங்குகிறது; எதையும் அனுப்புவதில்லை.

"எங்கள் ஊரிலேயே ஆய்வு செய்யுங்கள்"

இது நேர்மையான கோரிக்கை. ஆனால் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

1. 2011 கணக்கெடுப்பில் நீலகிரி மாவட்ட மக்கள்தொகை 7,35,394. ஐந்தில் ஒருவர் பதினைந்து வயதுக்குக் கீழே என்று கொண்டால் சுமார் 1,47,000 குழந்தைகள்.

2. குழந்தைகளிடம் இரத்தப் புற்றுநோய் ஆண்டுக்கு லட்சத்தில் நான்கு பேர் என்று வைத்தால், மாவட்டம் முழுவதும் ஆண்டுக்கு ஆறு பேர்.

3. 0.4 மைக்ரோடெஸ்லாவுக்கு மேலே வாழ்பவர்கள் நூறில் ஒருவர் என்று தாராளமாகவே கொள்வோம். அவர்களில் நோய் எதிர்பார்க்கத்தக்கது ஏறக்குறைய பதினேழு ஆண்டுகளுக்கு ஒருவர்.

4. ஆபத்து உண்மையிலேயே இரட்டிப்பு என்றாலும், எட்டு அல்லது ஒன்பது ஆண்டுகளுக்கு ஒருவர்.

இருபது ஆண்டுகள் காத்திருந்தாலும் ஒருவருக்கும் இருவருக்கும் உள்ள வேறுபாடே கிடைக்கும். அதைத் தற்செயலிலிருந்து பிரிக்க எந்தப் புள்ளியியலாலும் முடியாது. அதேபோல ஒரே தெருவில் ஓராண்டில் இரண்டு குழந்தைகள் நோயுற்றால் அந்தக் குடும்பங்களின் வேதனை அளவற்றது. ஆனால் அந்த இரண்டைக் கொண்டு காரணத்தை நிறுவ முடியாது. மாவட்டத்தில் பல நூறு தெருக்கள் இருக்கும்போது, எங்கோ ஓரிடத்தில் இரண்டு சேர்ந்து விழுவது வெறும் வாய்ப்பாலும் நடக்கும்.

அதற்காக எதுவும் செய்ய முடியாது என்று கைவிடத் தேவையில்லை. 2012-இல் தொடங்கிய தமிழ்நாடு புற்றுநோய்ப் பதிவேட்டுத் திட்டம் மாநிலம் முழுவதையும் உள்ளடக்கியது. நீலகிரி, திண்டுக்கல், தேனி, கோவை என்று மின்பாதைகள் செறிந்த மாவட்டங்களைச் சேர்த்தால் எண்ணிக்கை வலுப்பெறும். அப்படி ஓர் ஆய்வு வந்தால், அதை நம்புவதற்கு முன் பார்க்க வேண்டியவை இவை:

1. குழந்தை தூங்கும் அறையில் குறைந்தது 24 மணி நேரம், முடிந்தால் இரண்டு பருவங்களில் அளந்தார்களா? வீட்டுக்கும் லைனுக்கும் உள்ள தூரம் மட்டும் போதாது.

2. நோயுற்ற வீட்டையும் ஒப்பீட்டு வீட்டையும் ஒரே விதமாக அளந்தார்களா? அளப்பவருக்கு எது எந்த வீடு என்று தெரியாமல் இருந்ததா?

3. பூச்சிக்கொல்லி, குடிபெயர்வு, வருமானம் ஆகியவற்றைக் கணக்கில் எடுத்தார்களா? பழைய லயன் வீட்டில் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில்) வாழ்பவரையும் ஊட்டி நகரத்தில் வாழ்பவரையும் நேரடியாக ஒப்பிட்டால் எது வேண்டுமானாலும் வரும்.

4. பணம் யாருடையது? செல்போன் நிறுவனமோ, அளவுக்கருவியும் "கதிர்வீச்சுத் தடுப்பு" ஸ்டிக்கரும் விற்பவரோ கொடுத்தால் இரண்டையும் ஒரே சந்தேகத்தோடு பார்க்க வேண்டும்.

5. என்ன பார்க்கப்போகிறோம் என்பதை முன்கூட்டியே எழுதிவைத்தார்களா? முப்பது நோய்களைத் தேடினால் ஒன்றாவது தற்செயலாகக் கூடியிருக்க வாய்ப்பு அதிகம்.

தலைவலி, தூக்கமின்மை, பறவைகள்

கோபுரம் வந்ததிலிருந்து தூக்கமில்லை, தலைவலி என்று சொல்பவர்கள் பொய் சொல்வதில்லை. அவர்களின் துன்பம் உண்மை. அலைதான் காரணமா என்று சோதிக்க, அலை இருக்கிறதா இல்லையா என்பதைச் சொல்லாமலே அவர்களைப் பரிசோதித்தார்கள். 2005-இல் ஜேம்ஸ் ரூபின் குழு இத்தகைய 31 பரிசோதனைகளை, மொத்தம் 725 பேரை, சேர்த்துப் பார்த்தது. அலை இருக்கும்போதும் இல்லாதபோதும் அறிகுறிகளில் நம்பத்தக்க வேறுபாடு தெரியவில்லை. பயமே உடலை வருத்தும் என்பதற்கு இது வலுவான சான்று. அப்படிப்பட்டவரை "மனப்பிரமை" என்று விரட்டுவது கொடுமை. ஜெனரேட்டர் சத்தம், இரவு முழுதும் எரியும் விளக்கு, கேட்காமலே கோபுரம் நட்ட ஆத்திரம் எல்லாம் தூக்கத்தைக் கெடுக்கப் போதுமானவை.

பறவைகள் பற்றி ஓர் உறுதியான ஆய்வு உண்டு. ஜெர்மனியின் ஓல்டன்பர்க்கில் ஐரோப்பிய ராபின் பறவைகளின் திசையறிவு நகரத்து ரேடியோ இரைச்சலால் குழம்புவது 2014-இல் காட்டப்பட்டது. அது 50 கிலோஹெர்ட்ஸ் முதல் 5 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைகளால். செல்போன் பட்டை அதற்கு வெகு மேலே. மிக மெல்லிய புலமும் ஓர் உயிரைப் பாதிக்கக்கூடும் என்பதற்கு அது சான்று. சிட்டுக்குருவி குறைந்ததற்குக் கோபுரமே காரணம் என்பதற்கு அது சான்றாகாது.

மனு எழுதும் முன்

மின்கம்பிகளின் 50 ஹெர்ட்ஸ் காந்தப்புலத்துக்குப் பொதுமக்கள் வரம்பு, அயனியாக்காத கதிர்வீச்சுப் பாதுகாப்புக்கான சர்வதேச ஆணையத்தின் 2010 வழிகாட்டுதலில் 200 மைக்ரோடெஸ்லா. அது நரம்பைத் தூண்டும் உடனடி விளைவைத் தடுக்க வகுத்தது. நீண்டகாலக் கேள்விக்கான 0.4 உடன் அதை ஒப்பிடக் கூடாது. கோபுரங்களுக்கு, 2012 செப்டம்பர் 1 முதல் இந்தியா சர்வதேச வரம்பை அப்படியே ஏற்காமல் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தது: 900 மெகாஹெர்ட்ஸில் சதுர மீட்டருக்கு 0.45 வாட். தொலைத்தொடர்புத் துறையின் தரங் சஞ்சார் இணையதளம் 2017-இல் வந்தது. உங்கள் பகுதிக் கோபுரங்கள் விதிக்கு உட்பட்டவையா என்று அதில் பார்க்கலாம். கட்டணம் செலுத்தி அளக்கச் சொல்லிக் கோரலாம். இப்போது நடப்பிலுள்ள வரம்பையும் அங்கேயே சரிபார்த்துக்கொள்வது நல்லது.

மனுவில் "கோபுரத்தை அகற்று" என்று மட்டும் எழுதினால் பதில் ஒரு வரியில் வந்துவிடும். இவற்றைக் கேட்டால் எளிதில் தட்டிக்கழிக்க முடியாது:

1. ஆன்டெனாவின் உயரமும் திசையும், அதே மட்டத்தில் உள்ள வீடுகளின் வரைபடமும்.

2. மேல்சரிவு வீட்டின் ஜன்னலில் எடுத்த அளவு. கோபுரத்தின் அடியில் எடுத்த அளவு பயன்படாது.

3. டவர் லைன் என்றால், மாலை உச்ச நேரத்தில் லைனில் ஓடும் மின்னோட்டத்தின் பதிவு.

4. தரைக்கும் கம்பிக்கும் உள்ள இடைவெளி. இதை நான் முதலில் வைக்கத்தான் விரும்பினேன். தென்மேற்குப் பருவமழையில் மண் சரிந்து கம்பம் சாய்வதும், தாழ்ந்து தொங்கும் கம்பியில் யானை மாட்டி இறப்பதும், அறுந்த கம்பியை மிதித்து மனிதர் சாவதும் ஆய்வு தேவைப்படாத, கண்முன் நடக்கும் மின்சார மரணங்கள்.

வீட்டுக்குள்ளும் செலவில்லாத ஒரு வேலை இருக்கிறது. லயன் வீடுகளிலும் சிறு வீடுகளிலும் மின்மீட்டரும் மெயின் சுவிட்சும் ஒரே சுவரில் இருக்கும்; அதே சுவரின் மறுபக்கம் குழந்தையின் கட்டில் தலைமாடு ஒட்டிக் கிடக்கும். செங்கல் காந்தப்புலத்தைத் தடுக்காது. அந்த இடத்தில் உள்ள அளவு, நூறு மீட்டர் தள்ளிப் போகும் டவர் லைன் கொடுப்பதைவிடக் கூடுதலாக இருப்பது சாதாரணம். கட்டிலை எதிர்ச் சுவருக்கு நகர்த்தினால் போதும். சிக்னல் குறைந்த இடத்தில் நீண்ட நேரம் பேச வேண்டியிருந்தால் ஒயர் ஹெட்செட்டோ ஸ்பீக்கரோ போட்டுப் பேசலாம்; காதிலிருந்து ஒரு சாண் தள்ளினாலே தலைக்குக் கிடைக்கும் அளவு பெருமளவு குறைந்துவிடும்.